அப்பாவோட பழைய தமிழ் ஃபைலெல்லாம் குப்பையா தெரியுதே, இது போயிடுச்சா இருக்குதா?

தம்பி, நீங்க கேட்டது "பழைய தமிழ் ஃபாண்ட யூனிகோடா மாத்த எந்த கன்வர்ட்டர் நல்லது"னு (யூனிகோட்னா இப்போ எல்லா மெஷினும் ஒத்துக்கற பொது எழுத்துக் குறியீடு). ஆனா அதுக்குக் கீழ எழுதியிருக்கறத படிச்சா கேள்வி வேற. அப்பா குடியாத்தத்துல 1998லேர்ந்து டிடிபி கடை வெச்சிருந்தார், இப்போ மூடிட்டார், கடைக் கம்ப்யூட்டரும் ஒரு அட்டைப்பெட்டி நெறைய சிடியும் வீட்டுக்கு வந்திருக்கு. புது லேப்டாப்புல போட்டுத் தெறந்தா கல்யாணப் பத்திரிகையிலேர்ந்து அவரே உக்காந்து எழுதின கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரலாறு வரைக்கும் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா நிக்குது. அப்போ அந்த எழுத்து போயிடுச்சா, இன்னும் இருக்குதா, இதான் நீங்க கேக்கறது. இருக்குது. ஒரு எழுத்து கூட போகல. ஆனா இன்னும் ரெண்டு மூணு வருஷம் பெட்டியிலயே கெடந்தா போயிடலாம், அதனாலதான் ஒரு லிங்க் மட்டும் போட்டுட்டுப் போகாம இவ்ளோ நீளமா எழுதறேன்.

நான் வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு பிரஸ்ஸுல 1996ல டைப்பிங் ஆளா சேந்தவன். அப்பால பக்கம் அமைக்கற பேஜ்மேக்கர், டிசைன் பண்ற கோரல்னு போயி, கொஞ்சம் பைத்தான் புரோகிராமிங் கத்துக்கினு, கடந்த பத்து பன்னெண்டு வருஷமா இந்த மாதிரி பழைய ஃபைல்ங்கள மாத்திக் குடுக்கறதே என் வேலையில பாதி. அதனால கீழ சொல்றதுல பெரும்பாலும் என் கையால செஞ்சது. செய்யாதத, இல்ல உறுதியா சொல்ல முடியாதத, அங்கங்கயே சொல்லிடறேன்.

மொதல்ல ஏன் குப்பையா தெரியுதுன்னு புரிஞ்சுக்கணும், இது புரிஞ்சா பயம் பாதி போயிடும். கம்ப்யூட்டர் ஃபைலுக்குள்ள 'அ'ங்கற உருவமே இருக்காது, ஒரு நம்பர்தான் இருக்கும். 90கள்ல தமிழுக்குன்னு எல்லாரும் ஒத்துக்கின நம்பர் கெடையாது, அதனால ஃபாண்ட் செஞ்ச ஒவ்வொருத்தரும் இங்கிலீஷ் எழுத்து உக்காந்திருந்த நம்பர்லயே தமிழ் உருவத்த வரைஞ்சு வெச்சாங்க. பாமினி ஃபாண்ட்ல 'அம்மா'ன்னு தெரியறது ஃபைலுக்குள்ள எம், கே, செமிகோலன், கே, எச்னு அஞ்சு குறி, அவ்ளோதான். பாமினிய போட்டா அம்மா, பாமினி இல்லாத மெஷின்ல அந்த அஞ்சு குறி. ஆக ஃபைல் கெடல, அதுக்கு மேல போத்தியிருந்த ஃபாண்ட்தான் உங்க லேப்டாப்புல இல்ல.

இப்போ நீங்க போட்ட ஸ்கிரீன்ஷாட்டுக்கு வரேன். மூணாவது வரியில சின்ன ஈ, எச், பெரிய எல் இருக்குது பாருங்க, அது 'நாடு'. பாமினியிலயும் அது 'நாடு'தான், வானவில்னு இன்னொரு ஃபாண்ட்லயும் 'நாடு'தான், ஏன்னா ரெண்டுமே பழைய தமிழ் டைப்ரைட்டர் விசை எடத்த வெச்சுக்கினு செஞ்சது. ஆனா அதுக்கு முன்னாடி மேல ரெண்டு புள்ளி வெச்ச ஏ எழுத்தும், ஓவும் ஈயும் ஒட்டிக்கினு இருக்கற ஒரு எழுத்தும் வருது. பாமினியில 'தமிழ்'னு அடிச்சா அதெல்லாம் வராது, சாதா எழுத்தும் செமிகோலனுந்தான் வரும். வானவில்ல 'மி' ஒரே குறி, 'ழ்' ஒரே குறி, அது ரெண்டும்தான் அங்க இருக்கறது. அதனால அந்தப் பக்கம் வானவில் வகைன்னு கிட்டத்தட்ட உறுதியா சொல்வேன். ஆனா அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும். ஒரு டிடிபி கடையில ஒரே ஃபாண்ட்ல இருபது வருஷம் ஓட்டினவங்கள நான் பாத்ததே இல்ல, பாடி ஒண்ணு, தலைப்பு ஒண்ணு, பத்திரிகைக்கு அலங்கார ஃபாண்ட் ஒண்ணுன்னு கலந்துதான் இருக்கும். தப்பான ஃபாண்ட் போட்டா எப்படித் தெரியும்னா, சாதா எழுத்தெல்லாம் சரியா வந்து புள்ளி வெச்ச எழுத்தும் கொக்கி எழுத்தும் மட்டும் ஒடஞ்சு நிக்கும். அப்படி வந்தா நீங்க பக்கத்து வீட்டு வாசல்ல நிக்கறீங்கன்னு அர்த்தம், ஒரு கதவு தள்ளித் தட்டணும்.

இதுக்கெல்லாம் ஒரு பொது முறை வரணும்னு முயற்சி நடக்காம இல்ல. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, டேப், டேம்னு ரெண்டு குறியீடும் தமிழ்99 விசைப்பலகையும் அங்கேர்ந்துதான் வந்துது. யூனிகோட்ல தமிழ் 1991லயே ஏறிடுச்சு, விண்டோஸ் 2000ல லதா ஃபாண்டோட மைக்ரோசாஃப்ட்டும் குடுத்துட்டாங்க. ஆனா நம்ம ஊர் பிரஸ்ஸுக்கு அது எதுவும் எட்டல, காரணம் பேஜ்மேக்கர். 2001ல வந்த 7.0தான் அதோட கடைசிப் பதிப்பு, அதுலயும் யூனிகோட் தமிழ் வராது. தமிழ்நாடு அரசு யூனிகோட்தான் இனிமேன்னு 2010ல அறிவிச்ச பிறகும் பிரஸ்ஸுல பழைய ஃபாண்ட்லதான் அடிச்சுக்கினு இருந்தோம். உங்கப்பா பழசப் புடிச்சுக்கினு இருந்தார்னு நெனைக்காதீங்க, அவர் வேலை செஞ்ச சாஃப்ட்வேருக்கு வேற வழி இல்ல.

இப்போ செய்ய வேண்டியது. கன்வர்ட்டர் கடைசி, மொதல்ல காப்பி. அந்தக் கடைக் கம்ப்யூட்டர ஆசையா பவர் போட்டுப் பாக்காதீங்க. ரெண்டு வருஷமா மூடி வெச்ச மெஷின், உள்ள தூசி, நம்ம பக்கத்து மே மாச வெயில், உள்ள கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டி எந்த நெலமையில இருக்கோ தெரியாது. ஹார்ட்டிஸ்க்க மட்டும் கழட்டுங்க. அகலமான பட்டைக் கேபிள் இருந்தா அது ஐடிஇ, குறுகலா இருந்தா சாட்டா, ரெண்டுக்கும் யூஎஸ்பி கன்வர்ட்டர் கேபிள் கெடைக்குது, எதுவா இருந்தாலும் தனியா பவர் அடாப்டரோட வர்றதா பாத்து வாங்குங்க. லேப்டாப்புல சொருகி டிஸ்க்க அப்படியே முழுசா நகலெடுக்கற மாதிரி ஒரு இமேஜ் எடுத்துடுங்க. டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டா அங்கயே நிறுத்திடுங்க, திரும்பத் திரும்ப ஓட்டினா இருக்கறதும் போயிடும், அந்த நெலமைக்கு டேட்டா ரெக்கவரி ஆளுங்க கிட்டதான் போகணும், அது எனக்குத் தெரிஞ்ச வேலை இல்ல. சத்தம் இல்ல, ஆனா அங்கங்க படிக்க மாட்டேங்குதுன்னா லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு கருவி இருக்குது, படிக்க வர்ற எடத்த மொதல்ல எடுத்துட்டு மோசமான எடத்துக்குக் கடைசியா வரும், அத வெச்சு நெறைய டிஸ்க் எடுத்திருக்கேன்.

சிடிய பத்தி ஒண்ணு சொல்லணும். கடையில நாம எழுதின சிடிங்கறது ஒரு சாயத்து மேல லேசர் போட்ட தடம், வெயிலும் வெளிச்சமும் பட்டா அந்தச் சாயம் மங்கிடும். ஒரு டிரைவ்ல படிக்கலன்னா தூக்கிப் போடாதீங்க, வேற டிரைவ்ல போட்டுப் பாருங்க, பழைய டிவிடி ரைட்டர்ல வந்த சிடி புதுசுல வராம போனதும் உண்டு, புதுசுல வந்தது பழசுல வராம போனதும் உண்டு. மேல மார்க்கர்ல எழுதியிருக்கறத ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்குங்க, 'அக்னி வசந்தம் நோட்டீஸ்'னு அப்பா எழுதின அந்த ரெண்டு வார்த்தைதான் பின்னாடி தேடறதுக்கு ஒதவும்.

டிஸ்க்குலேர்ந்து மறக்காம எடுக்க வேண்டியது ஃபாண்ட் ஃபோல்டர். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபாண்ட்ஸ்னு இருக்கும், அத முழுசா காப்பி பண்ணுங்க, இதுதான் பூட்டுக்குச் சாவி. ஃபைல் இருந்து ஃபாண்ட் இல்லாம வர்றவங்கதான் என்கிட்ட ரொம்ப கஷ்டப்பட்டிருக்காங்க. நான் வேலை செஞ்ச பிரஸ்ஸுல ஒரு தமிழ் சாஃப்ட்வேர் வாங்கியிருந்தாங்க, பேரு வேணாம், பிரிண்டர் போர்ட்டுல டாங்கிள்னு ஒரு சின்னக் கட்டைய, பூட்டு மாதிரி, சொருகினாதான் தமிழ்ல அடிக்கவே விடும். ஒரு நாள் டாங்கிள் செத்துப் போச்சு, மொதலாளி எட்டு வருஷ வேலையும் போச்சுன்னே உக்காந்துட்டார். போகல. டாங்கிள் அடிக்கறதுக்குத்தான், படிக்கறதுக்கு ஃபாண்ட் ஃபைல் போதும், அது ஃபோல்டருக்குள்ளயேதான் இருந்துது. உங்க பெட்டியிலயும் டாங்கிள் இருந்து வேலை செய்யலன்னா கவலைப்படாதீங்க.

அப்பால ஃபைல் வகை. வேர்ட் ஃபைல்னா சுலபம், ஃபாண்ட இன்ஸ்டால் பண்ணினதும் தமிழாவே தெரியும். பேஜ்மேக்கர் ஃபைல்னா, கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டற வர்ச்சுவல்பாக்ஸ்ல பழைய விண்டோஸ் எக்ஸ்பி போட்டு அதுல பேஜ்மேக்கர் போடறதுதான் நான் பண்றது, அப்பா வாங்கின ஒரிஜினல் சிடியும் சீரியல் நம்பரும் இருக்கும், அத வெச்சே பண்ணலாம். லிப்ரெ ஆஃபீஸ் 4.4 பதிப்புலேர்ந்து பேஜ்மேக்கர் ஃபைல நேரா தெறக்குது, எழுத்து எடுக்கறதுக்கு முயற்சி பண்ணிப் பாருங்க, ஆனா பக்க அமைப்பு அப்படியே வரும்னு எதிர்பார்க்காதீங்க, சில ஃபைல் நல்லா வரும், சிலது தாறுமாறா வரும். கோரல் ஃபைல்தான் வில்லங்கம். எழுத்தா இருந்தா பிரச்சினை இல்ல. ஆனா வெளியூருக்கு அச்சு பிளேட் போட அனுப்பும்போது ஃபாண்ட் மாறிடக்கூடாதுன்னு கர்வ் பண்ணித்தான் அனுப்புவோம், கர்வ் பண்ணினா அது எழுத்து இல்ல, வெறும் கோட்டுப் படம். அதுக்கு எந்த கன்வர்ட்டரும் வேலை செய்யாது, படமா எடுத்து, படத்துலேர்ந்து எழுத்த படிச்சுக் குடுக்கற கூகுள் டிரைவ் ஓசிஆர்லயோ டெசராக்ட்லயோ போட்டு எடுத்துட்டு உக்காந்து திருத்தணும். அதே வேலையோட கர்வ் பண்ணாத ஃபைல் வேற ஃபோல்டர்ல இருக்கான்னு மொதல்ல தேடுங்க, பெரும்பாலும் இருக்கும்.

எக்ஸ்பிக்குள்ள தமிழா தெரியற ஃபைல் ஒவ்வொண்ணையும் உடனே பிடிஎஃப்பா எடுத்துடுங்க, ஃபாண்ட உள்ளயே பதிச்சு. இது கன்வர்ஷன் இல்ல, சாட்சி. நாளைக்கு யூனிகோட்ல எதாவது ஒரு பேரு சந்தேகமா இருந்தா இதப் பாத்துதான் சரி பண்ணுவீங்க.

இப்போ நீங்க கேட்ட கன்வர்ட்டர். என்எச்எம் கன்வர்ட்டர் இருக்குது, நெட் இல்லாமயே விண்டோஸ்ல ஓடும், நம்ம ஊர்ல புழங்கின குறியீட்டுல நெறைய அதுல உண்டு. பைத்தான் தெரியும்னு எழுதியிருக்கீங்க, அப்போ ஓபன்-தமிழ்னு ஒரு லைப்ரரி இருக்குது, அதுக்குள்ளயும் பழைய ஃபாண்ட்லேர்ந்து யூனிகோடுக்கு மாத்தற பகுதி இருக்குது. என் வேலைக்கு நான் அதையே எடுத்து, எந்தக் குறிக்கு எந்த எழுத்துன்னு நான் போட்டு வெச்ச அட்டவணைய சேத்துக்கினு ஓட்டறேன். எது பெஸ்ட்னு கேட்டா, எழுத்துக்கு எழுத்து மாத்தறதுல பெருசா வித்தியாசம் இல்ல, வித்தியாசமெல்லாம் நான் கீழ சொல்லப்போற மூணு எடத்துலதான். ஆன்லைன்ல ஒட்டி மாத்தற பக்கங்கள நோட்டீஸுக்கு யூஸ் பண்ணிக்கலாம், ஆனா அப்பா பத்திரம் எழுதறவங்களுக்கு கிரயப் பத்திரமெல்லாம் அடிச்சுக் குடுத்திருப்பார், அதுல ஊர்க்காரங்க பேரு, அவங்க அப்பா பேரு, சர்வே நம்பர், தொகை எல்லாம் இருக்கும், அத கண்ட சைட்டுல ஒட்டாதீங்க. சாட்ஜிபிடி மாதிரி ஏஐல போட்டா ஆகாதான்னும் கேட்டிருந்தீங்க. நான் பண்ண மாட்டேன். அது வாக்கியத்த ஊகிச்சு எழுதற கருவி, தெரியாத ஊர்ப் பேரையோ தொகையையோ தனக்குப் பொருத்தமா மாத்திட்டுப் போயிட்டா உங்களுக்குத் தெரியவே தெரியாது. அட்டவணை தப்பு பண்ணினா நூறு எடத்துலயும் ஒரே தப்ப பண்ணும், ஒரே தடவையில திருத்திடலாம்.

சரி, அந்த மூணு எடம். ஒண்ணு, கொம்பு. பழைய ஃபாண்ட்ல நாம அடிக்கறது கண்ணுக்குத் தெரியற வரிசையில, 'கொ'ன்னா மொதல்ல கொம்பு, அப்பால க, அப்பால கால். யூனிகோட்ல க மொதல்ல, ஒகரக் குறி பின்னாடி, அது ஒரே குறி. கன்வர்ட்டர் கொம்ப நகத்திட்டு, கால தனியா விட்டுட்டா திரையில 'கொ'ன்னுதான் தெரியும், ஆனா தேடினா கெடைக்காது. பைத்தான் கூடவே வர்ற யூனிகோட்டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ்னு இருக்குது, என்எஃப்சின்னு (பிரிஞ்ச குறிய ஒண்ணாக்கற முறை) குடுத்து ஒரு தடவ ஓட்டுங்க, சேந்துடும்.

ரெண்டு, இதுதான் பெரிய தொல்லை, ரகர மெய். டைப்பிஸ்ட் பாதிப் பேர், நானும் சேத்துதான், 'ர்' அடிக்கறதுக்கு பதிலா காலப் போட்டு அது மேல புள்ளி வெச்சுடுவோம். அச்சுல ஒரு வித்தியாசமும் தெரியாது, பாக்க அழகா கூட இருக்கும். யூனிகோடா மாறினா 'வேலூர்' ஆகாம 'வேலூா்' ஆயிடும், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாலும் கண்டுபுடிக்கறது கஷ்டம், ஆனா ஒண்ணத் தேடினா இன்னொண்ணு வராது. இதுக்கு மேல இன்னொரு கூத்து, முன்னாடி கொம்பு இருந்தா அந்தக் கால ஓகாரத்துக் கால்னு நெனச்சு கன்வர்ட்டர் சேத்துடும், 'தேர்' அடிச்சது 'தோ்'னு வரும், 'சேர்ந்து' 'சோ்ந்து'ன்னு வரும். நியூஸ் சைட்டுங்கள்லயே இது நெறைய கண்ணுல படுது. நல்ல வேளை, இதுக்கு நூத்துக்கு நூறு நம்பிக்கையான மருந்து இருக்குது: தமிழ்ல உயிர்க்குறிக்குப் பின்னாடி புள்ளி வரவே வராது. அதனால காலும் புள்ளியும் சேந்து வந்தா 'ர்', ஓகாரக் குறியும் புள்ளியும் வந்தா ஏகாரக் குறி போட்டு 'ர்', ஒகரக் குறியும் புள்ளியும் வந்தா எகரக் குறி போட்டு 'ர்'. கண்ண மூடிக்கினு மாத்தலாம், எந்த நல்ல வார்த்தையும் கெடாது. மொதல்ல சொன்ன என்எஃப்சிய ஓட்டிட்டு அப்பால இத ஓட்டணும், வரிசை மாத்திடாதீங்க.

மூணாவது, ஔகாரம், இதுக்கு முழு மருந்து கெடையாது. பழைய ஃபாண்ட்ல 'கௌரி'யோட பின்பாதியும் 'ள' எழுத்தும் ஒரே உருவம், ஒரே குறி. சில கன்வர்ட்டர் எல்லாத்தையும் ஔகாரமா மாத்தும், அப்போ கெளுத்தி மீன் ஒடஞ்சு போயிடும். சிலது எதையும் மாத்தாது, அப்போ 'கௌரவம்' 'கெளரவம்'னே நிக்கும், ஔவையாருக்கும் அதே கதி. கொம்பு எழுத்துக்கோ 'ஒ'வுக்கோ அடுத்து வர்ற ளகரத்துக்குப் பின்னாடி வேற உயிர்க்குறியோ புள்ளியோ வந்தா அது ள தான், அதுல சந்தேகம் இல்ல. ஒண்ணும் வரலன்னா எழுத்துத் தமிழ்ல பெரும்பாலும் ஔகாரம். ஆனா உங்கப்பா கூத்து வசனமும் அடிச்சிருக்கார்னு சொல்றீங்க, பேச்சுல 'வெளக்கு'ன்னு எழுதியிருப்பார், 'வெளஞ்ச நெலம்'னு எழுதியிருப்பார், அத விதி போட்டு மாத்தினா 'வௌக்கு' ஆயிடும். அதனால இந்த வார்த்தைங்கள மட்டும் தனியா ஒரு பட்டியலா எடுத்து, எத்தன தடவ வருதுன்னு எண்ணிக்கையோட, மனுஷன் பாத்து முடிவு பண்ணணும். அறுபது பக்க ஃபைலுக்குக் கூட அந்தப் பட்டியல் ஒரு பக்கத்துக்கு மேல வராது, ஒரு சாயங்கால வேலை.

இன்னொண்ணு, வேர்ட்லேர்ந்து எழுத்த காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டி அப்பால கன்வர்ட் பண்ணாதீங்க. ஒட்டின உடனே எது எந்த ஃபாண்ட்ல இருந்துதுங்கற தகவல் போயிடும், இங்கிலீஷ்ல இருந்த கடைப் பேரெல்லாம் கூடவே தமிழ்க் குப்பையா மாறிடும். ஃபாண்ட் பேரப் பாத்து அந்தத் துண்ட மட்டும் மாத்தற மாதிரி எழுதுங்க, வேர்ட் ஃபைல புது வடிவத்துல சேவ் பண்ணிட்டா பைத்தான்ல ஒவ்வொரு துண்டோட ஃபாண்ட் பேரும் கெடைக்கும், ஃபாண்ட் பேரு காலியா வந்தா அந்தப் பத்தியோட ஸ்டைல்ல போய்ப் பாக்கணும்.

மாத்தி முடிச்சாலும் பழைய ஃபைல அழிக்காதீங்க. ஒரிஜினல், ஃபாண்ட் ஃபோல்டர், பிடிஎஃப், யூனிகோட், நாலையும் ஒரே எடத்துல வெச்சு ரெண்டு டிஸ்க்குல போட்டு, ஒண்ண வேற வீட்டுல குடுத்து வைங்க.

எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னா, சிரசு வரலாறுலேர்ந்தே ஆரம்பிங்க, கல்யாணப் பத்திரிகை அப்புறம் பாத்துக்கலாம். அப்பாவுக்குக் கண்ணு மங்கலா இருக்குதுன்னு எழுதியிருந்தீங்க, அப்போ நீங்க பிடிஎஃப்ப பெருசாக்கி வெச்சுக்கினு யூனிகோட சத்தமா படிங்க, அவர் கேட்டுக்கினு இருக்கட்டும், எழுதினவர் காதுக்குத் தப்பு உடனே தட்டும், பிரஸ்ஸுலயும் அப்படித்தான் ஒருத்தர் படிக்க ஒருத்தர் பாத்து புரூஃப் முடிப்போம். ஃபாண்ட் பேரெல்லாமும் அவர் வாயாலயே சொல்லிடுவார், கேட்டு எழுதிக்குங்க. அவருக்கு ஞாபகம் இல்லாத ஃபைல பேஜ்மேக்கர்ல தெறந்தீங்கன்னா இல்லாத ஃபாண்டுக்கு பானோஸ்னு ஒரு பெட்டி வரும், அதுல காணாம போன ஃபாண்டோட பேரு அப்படியே இருக்கும், ஓகே அடிச்சு மூடிடாம எழுதி வெச்சு இங்கயே கீழ போடுங்க, என்கிட்ட அட்டவணை இருக்கற ஃபாண்டா இருந்தா அன்னிக்கே அனுப்பறேன்.